பஞ்சக்கரைக் கல்லும் என் மச்சானும்

என் அக்காள் சோலையம்மாளின் வீட்டுக்காரர் கருத்தக்கண்ணன், பொதுப்பணித் துறையில் பில் சரிபார்க்கும் வேலையில் இருந்து எழுபத்தொன்பதாம் வருஷம் ஓய்வு பெற்றார். பாலம், மதகு, கால்வாய் என்று எது கட்டினாலும் அதன் பில் அவர் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டுவது லேசில்லை. ஒரு வண்டி மணலுக்கு ஒன்பது கேள்வி கேட்பார். ரிட்டயராகி மதுரை கே.கே. நகரில் வீடு கட்டிக் குடிவந்த பிறகும் மனிதர் அந்த மேஜையை விட்டு எழுந்திருக்கவே இல்லை என்பது என் அபிப்பிராயம்.

காலையில் நடக்கப் போவார். விடிந்த பிறகும் தெருவிளக்கு எரிந்தால் அன்றைய பொழுது அதிலேயே போய்விடும். "யாரு வீட்டுப் பணம் மாப்ள இது?" என்று என்னைப் பிடித்துக்கொள்வார். நான் வில்லாபுரத்தில் சைக்கிள் கடை வைத்திருப்பவன். நானா விளக்கைப் போட்டேன்?

பள்ளிக்கூடங்களில் சத்துணவு ஆரம்பித்த வருஷம் அவர் பக்கத்தில் உட்காரவே முடியவில்லை.

"சோறு போடுறது பெத்தவன் வேலை. சர்க்கார் வேலை ரோடு போடுறது. அம்புட்டுப் பிள்ளைகளுக்கும் தினம் ஆக்கிப் போட்டா கஜானா என்னத்துக்கு ஆகும்?"

"உங்க பென்ஷனும் அந்தக் கஜானாவுல இருந்துதான வருது மச்சான்?"

"அது நான் உழைச்சது மாப்ள."

அடுப்படியில் அக்காள் சிரிக்கும் சத்தம் கேட்கும். அவர் காதில் விழாதது போல இருந்துகொள்வார்.

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஓய்வு பெற்றவருக்கு இன்னொரு பைத்தியமும் பிடித்தது. வம்சத்தைத் தேடும் பைத்தியம்.

அதற்குக் காரணம் இருந்தது. அவருடைய மகன் வழிப் பேரன் சுருளிக்கு முதல் முடி எடுக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் முதல் முடியைக் குலசாமிக்குத்தான் கொடுப்போம். மச்சான் வீட்டுக் குலசாமி உசிலம்பட்டிக்கு மேற்கே, காட்டுக்குள் இருக்கும் ஒரு கல். கோயில் கிடையாது, பூசாரி கிடையாது. கல்லில் சூலம் செதுக்கியிருக்கிறது என்பார்கள். எண்ணெயும் மஞ்சளும் குங்குமமும் அப்பி அப்பி, எங்கள் காலத்தில் ஒரு மேடுதான் தெரிந்தது. மச்சானுக்கும் அவர் அப்பாவுக்கும் அங்கேதான் மொட்டை போட்டார்கள்.

மொட்டைக்கு நாள் குறிக்கும்போது மருமகள் அன்னக்கொடியின் அப்பா ஒரு கேள்வி கேட்டார். "அந்தச் சாமிக்கு உங்க பங்காளிக எத்தனை வீடு?" அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். எந்தக் குலசாமிக்கும் நூறு தலைக்கட்டாவது பங்காளிகள் இருப்பார்கள். மச்சான் யோசித்துப் பார்த்தார். அவர் வீட்டைத் தவிர அந்தக் கல்லுக்கு ஒரு ஈ காக்கை வந்து அவர் பார்த்ததில்லை. ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் ஒரு சாமி உண்டா? நம் முன்னோர் யார் சாமியையோ நம்முடையது என்று கும்பிட்டுவிட்டார்களா? பில்லில் சந்தேகம் வந்த மாதிரி மொட்டையை நிறுத்தி வைத்துவிட்டார்.

பிறகு என்ன, ஊர் ஊராக அலைச்சல். செக்கானூரணி, கருமாத்தூர் என்று அவர் போகாத இடமில்லை. கிழவர்கள் யாரைக் கண்டாலும் தாத்தா பேரைச் சொல்லி விசாரிப்பார். மோர் கொடுத்தார்கள், வெற்றிலை கொடுத்தார்கள். எங்கள் ஆள் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. இதற்குள் சுருளிக்கு மூன்று வயது ஆகிவிட்டது. அன்னக்கொடி அவனுக்கு ரெட்டைச் சடை போட்டு ரிப்பன் கட்டினாள். தெருவில் பாதிப் பேர் அவனைப் பாப்பா என்றுதான் கூப்பிட்டார்கள்.

எண்பத்து மூன்றில், தை பிறந்த பிறகு ஒரு நாள் மச்சான் என் கடைக்கு வந்தார். "கல்லச் சுத்தமாத் தேய்ச்சிப் பாத்துருவோம் மாப்ள. அடியில எதுவும் எழுத்து இருந்தாலும் இருக்கும்." நான் கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பினேன்.

பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தால் வழியில் ஒரு நீளமான மண்கரை வரும். இந்தப் பக்கமும் பொட்டல், அந்தப் பக்கமும் பொட்டல், நடுவில் கரை மட்டும் கல் இருக்கும் இடம் வரைக்கும் போகும். ஒவ்வொரு தடவையும் மச்சான் அதைக் காட்டித் திட்டுவார். அன்றைக்கும் விடவில்லை. "கரை இருக்கு, கம்மாய் எங்க? எந்த மகராசன் பில்லு பாஸ் பண்ணானோ."

கல்லுக்குக் கற்பூரம் ஏற்றி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, சீயக்காயும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்தோம். கை எரிந்துவிட்டது. மதியத்துக்கு மேல்தான் கருங்கல் முகம் காட்டியது. சூலமும் வந்தது. ஆனால் அது சூலமாக இல்லை. குறுக்கே ஒரு நேர்கோடு, அதைத் தொட்டாற்போல் கீழே ஒரு அம்புக்குறி, பக்கத்தில் இங்கிலீஷ் எண்.

மச்சான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"மாப்ள, இது பெஞ்ச் மார்க். நிலத்தோட மட்டம் பாக்குறதுக்கு சர்க்கார் வெட்டி வைக்கிற குறி. இது எத்தனை பிளான்ல என் கண்ணு முன்னால வந்திருக்கும்." அந்த அம்புக்குறியை விரலால் தடவினார். "அப்ப எனக்குச் சாமியே இல்லையா மாப்ள?"

அவரைக் கேலி செய்ய எனக்கு எத்தனையோ சந்தர்ப்பம் வாய்த்திருக்கிறது. அன்றைக்கு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். மனிதர் அநாதை மாதிரி இருந்தார்.

பக்கத்து நிலத்துக்காரர் சின்னக்கருப்பன் அந்த நேரத்தில் வந்தார். எண்பது வயதுக்காரர். நாங்கள் கல்லைச் சுரண்டுவதைப் பார்த்துச் சண்டைக்கு வந்தார். யாரென்று சொன்னதும் அடங்கி, கரையில் உட்கார்ந்தார்.

"எங்கய்யா சொல்லுவாரு. வெள்ளைக்காரன் காலத்துத் தாது வருசப் பஞ்சத்துல சனம் செத்து விழுந்துச்சாம். சர்க்கார் இங்கன கரை போடச் சொல்லி, மண்ணு சுமந்தவுகளுக்குக் கஞ்சி ஊத்துச்சு. இந்தா, இந்தக் கல்லுக்குப் பக்கத்துலதான் கஞ்சித் தொட்டி. மழை பேஞ்சதும் வேலைய விட்டுட்டாக. இதுல ஒரு நாளும் தண்ணி நின்னதில்ல. பேரே பஞ்சக்கரைதான்."

"எங்க ஆளுக எப்பிடிண்ணே இங்க வந்தாக?" என்று கேட்டார் மச்சான்.

"கெழக்க இருந்து ஒரு பொம்பள கைப்பிள்ளையோட வந்தாளாம். வரும்போது ஒரு கூட்டமாத்தான் வந்திருக்காக. எல்லாம் வழியிலயே போய்ச் சேந்துட்டாக. அவளும் பிள்ளையும் இந்தக் கஞ்சியக் குடிச்சுப் பொழச்சாக. பஞ்சம் தீந்து வேற ஊருல குடியேறின பெறகும், இந்தக் கல்லுக்கு வெளக்கு வைக்க மட்டும் வருவாளாம். அந்தப் பிள்ளை வகையறாதான நீங்க?"

அந்தக் கைப்பிள்ளை மச்சானின் தாத்தா. பங்காளிகள் ஏன் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

மச்சான் எழுந்து கரைமேல் ஏறி, இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடி வரை நடந்துவிட்டு வந்தார். வந்தபோது அழுதிருந்தார்.

"இந்தப் பில்லு என் மேஜைக்கு வந்திருந்தா திருப்பி அனுப்பிருப்பேன் மாப்ள. தண்ணி வராத எடத்துல கரை எதுக்குன்னு எழுதிருப்பேன். ஆபீசுல என்னை மெச்சிருப்பாக. எங்க தாத்தா செத்திருப்பாரு." முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "எவனோ ஒரு புண்ணியவான் கேள்வி கேக்காம கையெழுத்துப் போட்டிருக்கான். அவன் பிள்ளைகுட்டிக நல்லா இருக்கணும்."

வீட்டுக்கு வந்து அன்னக்கொடியைக் கூப்பிட்டார். "இது சர்வே கல்லுதாம்மா. சாமின்னு உங்கப்பாகிட்ட நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா நம்ம வீட்டுப் பிள்ளை முடி குடுக்கணும்னா இதுக்குத்தான் குடுக்கணும். உனக்குச் சம்மதமா?"

"முடி கண்ணுல குத்துது மாமா. எந்தச் சாமியா இருந்தாலும் சீக்கிரம் போவோம்" என்றாள் அவள்.

அடுத்த மாதமே போனோம். கல்லுக்குப் புதுசாக மஞ்சள் பூசினோம். குறி மறையாமல் பூசச் சொன்னார் மச்சான். சுருளி ஊரைக் கூட்டி அழுதான். மொட்டையில் சந்தனம் தடவியதும் கையால் தடவிப் பார்த்துச் சிரித்தான். எல்லாம் தெரிந்தும் அன்னக்கொடியின் அப்பா கல்லின் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்தார். அந்தப் பெரிய மனதுக்கு நான் இன்றைக்கும் அவரைக் கும்பிடுவேன்.

பொங்கல் வேண்டாம், கஞ்சி காய்ச்சுங்கள் என்று மச்சான் முன்பே சொல்லியிருந்தார். இறக்கி வைத்த நேரம் பார்த்து, களையெடுத்துவிட்டுத் திரும்பிய பெண்களும் அவர்களுடைய பிள்ளைகளும் கரையோரம் நின்று பார்த்தார்கள். மச்சான் கையசைத்துக் கூப்பிட்டார்.

அக்காள் அவர் காதருகே குனிந்தாள். "நம்ம சனத்துக்கே மட்டாத்தான் இருக்கு. இவுக யாரு, எந்த ஊரு?"

"எனக்குப் பங்காளி யாருன்னு ரெண்டு வருசமாத் தேடுனேன்ல" என்றார் மச்சான். "இங்க கஞ்சி குடிக்கிறவுகதான். ஊத்து."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே அகப்பையை எடுத்தார். அக்காள் இன்னொரு படி அரிசியைக் களைந்து உலையில் போட்டாள்.