யோர்க் நகரத்து வாசல்கள்

வெள்ளவத்தை வீட்டு அலுமாரியைத் துப்புரவாக்கும்போது, பூச்சி உருண்டை வாசத்தோடு பெரியப்பாவின் யோர்க் நகர வரலாற்றுப் புத்தகம் கைக்கு வந்தது. உடனே எனக்கு ஒன்பது வயதாகிவிட்டது.

பெரியப்பா இங்கிலாந்துக்குப் போனதேயில்லை. கொழும்புக்குள்ளேயே இருக்கும் ஜிந்துப்பிட்டி முருகன் கோயிலுக்கே வழி கேட்டுக் கேட்டுத்தான் போவார். ஆனால் யோர்க்கின் சந்துபொந்தெல்லாம் மனப்பாடம்; அவர் சொல்லச் சொல்லக் கேட்டு அக்காவுக்கும்தான். அக்காவைப் பார்க்க வந்த மாப்பிள்ளை, யோர்க்கில் வேலை என்றதும் பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“தம்பி, அந்த ஊர்ப் பழைய மதிலுக்குப் பெரிய வாசல் எத்தினை?”

மாப்பிள்ளை பேந்தப் பேந்த விழித்தார். “அங்கிள், நான் வேலைக்குப் போய் வாறதோடை சரி...”

“அங்கை இருக்கிற ஆளுக்கு இது தெரியாதோ? பொய் சொல்லுறவருக்கு எங்கடை பிள்ளையைக் குடுக்கேலாது!”

அம்மா தலையில் கை வைத்தார். அக்காவுக்கோ மாப்பிள்ளையைப் பிடித்துவிட்டது. பெரியப்பாவின் கதிரைக்குப் பின்னால் நின்று நாலு விரலை உயர்த்தினாள்.

“நாலு, அங்கிள்!”

“ஓம், ஆள் யோர்க்கிலைதான் இருக்கிறார்!” பெரியப்பா சம்மதித்துவிட்டார்.

இப்போது வாசல்கள் பற்றிய பக்கத்தைப் புரட்டினேன். ஓரத்தில் பெரியப்பாவின் பென்சில் எழுத்து: “மாப்பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. பிள்ளை விரல் காட்டினதை ஷோகேஸ் கண்ணாடியில் கண்டேன். பரவாயில்லை, அங்கே அவரைக் கூட்டிக்கொண்டு திரிய அவளுக்கு வழி தெரியும்.”