தந்தி தப்பாக வந்த படம்

ஆவடியில் நான் புரொஜெக்டர் ஆபரேட்டராக இருந்த தியேட்டர் இப்போது கல்யாண மண்டபம். அங்கே செய்த ஒரு தப்பையும் சொன்ன ஒரு பொய்யையும் எழுதி வைக்கிறேன்.

1. மூடி

போரில் பிரிந்த காதலர்களின் பழைய படம். பதினான்கு ரீல். பதின்மூன்றில் சிப்பாய் லீவில் ரயிலிறங்குவான். அவள் ஓடிப்போய்க் கையைப் பிடிப்பாள். பதினான்கில் மறுபடி போருக்குப் போவான். இறந்துவிட்டதாகத் தந்தி வரும். முற்றும்.

அன்று மாட்டினி ஷோ. கடைசி இரண்டு ரீல் டின்களுக்கும் மூடி மாறியிருந்தது. மூடியில் இருந்த எண்ணைப் பார்த்து மாட்டினேன். தந்தி வந்தது, 'முற்றும்' விழுந்தது, ஜனங்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்தார்கள். அடுத்த ரீல் மாட்டியிருந்த இரண்டாவது மெஷின் ஓடத் தொடங்கியது. செத்தவன் சிரித்துக்கொண்டே ரயிலிறங்கினான்.

ஒரே விசில். பெஞ்சிலிருந்து ஒருவர் கத்தினார்: "தந்தி ராங் அட்ரஸ்ல வந்துகீது மாமே!"

மேனேஜர் மூச்சிரைக்க மேலே வந்தார். "யோவ், இன்னாய்யா பண்ணே?"

"ரீல் மாறிடுச்சு சார். அடுத்த ஷோவுக்கு சரி பண்ணிடறேன்."

"கைய வெச்சே, வேலை காலி! இன்னொரு வாட்டி பாக்கணும்னு ஜனம் கியூல நிக்குது. இப்டியே ஓட்டு. வெளிய மூச்சு வுடாதே."

2. பொய்

மறுநாள் படம் பார்த்துவிட்டு வசந்தா என்ற பெண் புரொஜெக்டர் அறைக் கதவைத் தட்டினாள். அவளுக்கு நிச்சயித்த சிப்பாயிடமிருந்து ஐந்து மாதமாகக் கடிதம் இல்லை. வீட்டில் ஒரு பேங்க் மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டார்கள்.

"அண்ணாத்தே, செத்துட்டான்னு தந்தி வந்தும் திரும்பி வர்றானே, கதையே அப்டித்தானா?"

எனக்கு வேலை முக்கியம். "அப்டித்தாம்மா," என்றேன்.

"அப்போ பேங்க்காரன் வேணாம்னு சொல்லிடறேன்."

படியிறங்கிப் போய்விட்டாள். நான் கூப்பிடவில்லை. என்ன ஆனாள் என்று விசாரிக்கவும் தைரியம் வரவில்லை.

3. சங்க ஹால்

போன மாதம் கொரட்டூரில் எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் அதே படத்தைப் போட்டார்கள். கம்ப்யூட்டரில், சரியான வரிசையில். 'முற்றும்' விழுந்ததும் பின்வரிசையில் ஒரு பெண்மணி எழுந்தார்.

"இன்னாது, முடிஞ்சிபோச்சா? அவன் ரயில்ல எறங்கி வருவானே, எங்க?"

அந்தக் கேள்வியிலேயே தெரிந்துவிட்டது, அது வசந்தா. அருகில் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வசந்தா என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பக்கத்து நாற்காலியில் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தவரைக் காட்டினார்.

"தோ, எறங்கி வந்த ஆளு. கால்ல குண்டு பட்டு ஆஸ்பத்திரில கெடந்தாராம். லெட்டர் போட சோம்பேறித்தனம். நீ மட்டும் ரீலை ஒழுங்கா மாட்டியிருந்தா, பேங்க்காரனைக் கட்டிக்கினு நிம்மதியா தூங்கியிருப்பேன். நாப்பது வருசமா இந்தக் கொறட்டை!"

சொல்லிக்கொண்டே, தூங்குகிறவரின் மூக்குக்கண்ணாடி விழாமல் சரி செய்தார்.

இளைய ஆபரேட்டர்களுக்கு, டின் மூடியை நம்பாமல் பிலிமின் முனையில் எழுதிய எண்ணைப் பாருங்கள் என்று சொல்லலாம். ஆனால் இப்போது பிலிமும் இல்லை, மூடியும் இல்லை. படியேறி வந்து கேட்பவரிடம் உண்மையைச் சொல்லுங்கள், அது போதும். இந்தக் கதையைக் கேட்டவர்கள், எல்லாம் நல்லபடியாக முடிந்ததே என்கிறார்கள். வசந்தாவின் சிப்பாய் திரும்பி வந்தார், அவ்வளவுதான். அதில் என் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை.