அஞ்சடியில் பத்தொன்பது முகவரிகள்

உங்கள் முகவரி என்ன? யோசிக்காமல் சொல்லிவிடுவீர்கள். சரி, அந்த முகவரியில் உங்களுக்கென்று ஒரு கதவு இருக்கிறதா? இந்த இரண்டாவது கேள்வியை எந்தப் படிவமும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் போன வருஷம் என் மானம் இப்படிக் கப்பலேறியிருக்காது.

டிகிரி முடித்துவிட்டு, வேலை கிடைக்காமல் பினாங்கில், டத்தோ கிராமாட் பகுதியில் எங்கள் வீட்டில் சும்மா இருந்தேன். முழுச் சும்மா என்றும் சொல்ல முடியாது. இரண்டு தெரு தள்ளி ஒரு கடைவீட்டின் பின்பக்கத்தில், வீடில்லாதவர்களுக்குச் சோறு போடும் சின்னச் சங்கம் ஒன்று இருந்தது. அவர்களிடம் டைப்ரைட்டர் இருந்தது, தட்ட ஆள் இல்லை. நான் படுவேகமாகத் தட்டுவேன். மற்ற தகுதிகளை யாரும் கேட்கவில்லை.

போர்டில் சங்கம் என்று எழுதியிருந்தாலும் நிஜத்தில் அது ஓர் அக்காதான். கமிட்டிக்காரர்கள் மாதம் ஒருமுறை வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார்கள். அக்கா விடிவதற்கு முன்பே சைக்கிளில் கிளம்பிவிடுவார். ஹேண்டிலில் ஃபிளாஸ்க், பின்னால் ரொட்டிப் பை, முன்கூடையில் மருந்தும் பேண்டேஜும். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையிலும் பக்கத்துச் சந்துகளிலும் கடைகளுக்கு முன்னால் கூரையோடு ஒரு நடைபாதை ஓடும். நாங்கள் அதை அஞ்சடி என்போம். வீடில்லாதவர்கள் தூங்குவது அங்கேதான். ஏழு மணிக்குக் கடைக்காரர்கள் வாளித் தண்ணீரை வீசிக் கழுவ ஆரம்பிப்பார்கள். அதற்குள் எல்லாரையும் எழுப்பி, புண் இருந்தால் கட்டுப் போட்டு, சூடாக ஏதாவது குடிக்க வைத்து, மத்தியானச் சோற்றுக்கு வரச் சொல்ல வேண்டும். எவர் எங்கே படுக்கிறார், எவருக்குச் சர்க்கரை, எவர் பேசினால் அடிக்க வருவார், எல்லாம் அக்காவுக்கு மட்டும்தான் தெரியும்.

இதற்கெல்லாம் அவருக்குச் சம்பளம் கிடையாது. புருஷன் லாரி ஓட்டிய வரைக்கும் சமாளித்தார். புருஷனுக்கு இடுப்புப் பிடித்து வீட்டில் படுத்ததும் கதை மாறியது. கடலுக்கு அந்தப்பக்கம் மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலை அக்காவை இரண்டு மாதம் தள்ளி முதல் தேதி வேலைக்கு வரச் சொல்லியிருந்தது. கோலாலம்பூரில் ஓர் அறக்கட்டளை, தெருவில் இறங்கி வேலை செய்யும் சங்கங்களுக்கு மானியம் கொடுக்கிறது என்று கேள்விப்பட்டோம். கிடைத்தால் அக்காவுக்குச் சம்பளம் போடலாம்.

"தங்கச்சி, அந்தக் காசு வந்தா நான் இங்கயே இருந்துருவேன். வரலன்னா ஃபெரி ஏறிப் போயிருவேன். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது."

"நான் எழுதுற எழுத்துக்கு காசு நம்மளத் தேடி வரும்லா அக்கா."

"வரட்டும் வரட்டும். மொதல்ல வெங்காயத்த உரி."

படிவத்தில் ஒரு பெரிய பட்டியல். பெயர், வயது, முகவரி, அந்த முகவரியில் எத்தனை வருஷம். அஞ்சடியில் படுக்கும் பத்தொன்பது பேருக்கும் முகவரிக் கட்டத்தில் வெறும் கோடு போட்டு வைத்தேன். வீட்டுக்குக் கொண்டுபோனேன், அதுதான் தப்பு. என் அப்பா கவர்ன்மெண்ட் கிளார்க். அவருடைய அப்பாவும் யாழ்ப்பாணத்திலிருந்து கிளார்க் வேலைக்கென்றே கப்பலேறி வந்தவர். எங்கள் குடும்பத்தில் காலிக் கட்டம் என்பது பாவம்.

"ஒரு கட்டமும் வெறுமையா விடக்கூடாது பிள்ளை. விட்டா ஃபைல் திரும்பி வந்திடும்."

"அப்பா, அவங்களுக்கு வீடே இல்ல."

"படுக்கிற இடம் இருக்குதுதானே? அதுக்கு ஒரு நம்பர் இருக்கும். அதைப் போடு."

மறுநாள் அக்காவிடம் கேட்டேன். கரண்டியைக்கூடக் கீழே வைக்காமல் பத்தொன்பது பேருக்கும் கடை நம்பர் சொன்னார். யாராவது மயங்கி விழுந்தால் ஆம்புலன்ஸ்காரனுக்கு எங்கே என்று சொல்ல வேண்டுமே, அதற்காக மனப்பாடம். எத்தனை வருஷம் என்றும் சொன்னார். இவர் நாலு, அவர் ஏழு, கப்பலில் மூட்டை தூக்கியவர் பதினொன்று. எல்லாவற்றையும் ஒரு பிழை இல்லாமல் தட்டினேன். அப்பா ரூலரை வைத்து வரிவரியாகச் சரிபார்த்து, "இப்பத்தான் இது அப்ளிகேஷன்" என்றார். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. நல்ல மரியாதையான ஆங்கிலம். நீங்கள் குறிப்பிட்ட பத்தொன்பது பேரும் நகரின் மையத்தில் நிரந்தர முகவரியில் வசிக்கிறார்கள், சிலர் பல வருஷமாக அதே இடத்தில் இருக்கிறார்கள், எங்கள் மானியமோ வீடில்லாதவர்களுக்கு, வருந்துகிறோம்.

அக்காவுக்குத் தமிழில் சொன்னேன். முதலில் சிரித்தார். அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்ப நான் முதல் தேதி கெளம்ப வேண்டியதுதான்" என்றார்.

அப்பா கடிதத்தை இரண்டு தடவை படித்தார். "அவை சரியாத்தானே எழுதியிருக்கினம்" என்றார். கோபத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு பொதுத் தொலைபேசிக்குப் போனேன். கை நிறையச் சில்லறை. கோலாலம்பூரில் எடுத்த அதிகாரி நல்லவேளையாகத் தமிழர்.

"சார், அது வீடு இல்ல சார். அஞ்சடி. கடைக்கு வெளிய அட்டை விரிச்சுப் படுக்குறாங்க."

"அப்ப எதுக்குமா அட்ரஸ் எழுதுனீங்க?"

"கட்டம் இருந்துச்சு சார்."

இன்னும் இரண்டு சில்லறையை உள்ளே தள்ளினேன். பிறகு, அடுத்த வாரம் வேறு வேலையாகப் பினாங்கு வருவதாகவும், நேரில் பார்க்காமல் எதுவும் செய்ய முடியாது என்றும் சொன்னார்.

"காலையில ஆறு மணிக்கு வந்துருங்க சார். ஏழுக்கு மேல வந்தா யாரும் வீட்டுல இருக்க மாட்டாங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அவர் சிரித்துவிட்டார்.

ஆறு மணிக்கு டை கட்டி, பளபளக்கும் சப்பாத்தோடு, கையில் என் படிவத்தோடு வந்து நின்றார். அக்கா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் போக, நாங்கள் இருவரும் பின்னால். அதிகாரி டார்ச்சை அடித்துப் படிவத்தைப் பார்த்தார்.

"நம்பர் பன்னெண்டு."

பன்னிரண்டாம் நம்பர் கடை வாசலில் ஒரு பூனை மட்டும் இருந்தது. அதிகாரி பேனாவை எடுத்தார்.

"நேத்து இந்தக் கடைக்காரரு படுக்கையிலயே தண்ணி ஊத்திட்டாரு சார்," என்றார் அக்கா. "இங்க படுக்கிறவரு எதிர்ப்பக்கம் போயிருப்பாரு."

சாலைக்கு அந்தப்பக்கம் ஓர் அட்டை அசைந்தது. ஒரு கை மேலே வந்தது.

"நான் இங்க இருக்கேன்லா. அட்ரஸ் மாத்தணுமா?"

அதிகாரி நிஜமாகவே பன்னிரண்டை அடித்துவிட்டுப் புது நம்பரை எழுதினார். அப்படியே ஒவ்வொரு கதவாகப் போனோம். நம்பரைச் சொன்னதும் சிலர் எழுந்து உட்கார்ந்தார்கள், சிலர் போர்வைக்குள்ளிருந்தே திட்டினார்கள். பதினொரு வருஷக்காரரிடம் அதிகாரி குனிந்து, "நெஜமாவே இங்க பதினோரு வருஷமா?" என்று கேட்டார்.

"பன்னெண்டு ஆகப்போவுது சார். மொதல்ல இதே கடையில மாடியில வாடகைக்கு இருந்தேன். இப்ப கீழ எறங்கி வந்துட்டேன், அவ்ளோதான்."

அதிகாரி பேனாவைச் சட்டைப் பையில் செருகினார். அக்கா தரையில் உட்கார்ந்து ஒருவருடைய காலில் பழைய கட்டை அவிழ்த்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், "சார், இந்த ஃபிளாஸ்க்க கொஞ்சம் புடிங்க" என்றார். அவர் ஃபைலை அக்குளில் இடுக்கிக்கொண்டு பிடித்தார். அடுத்த ஆளுக்கு அவரே ஊற்றிக்கொடுத்தார். பத்தொன்பதாவது ஆளைப் பார்த்து முடித்தபோது வாளிகள் வெளியே வந்துவிட்டன. சப்பாத்து நனைந்தது.

"புது ஃபாரம் தரேன். சாயந்திரத்துக்குள்ள தட்டிக் குடுங்க," என்றார்.

"அட்ரஸ் கட்டத்த காலியா விட்டுரட்டுமா சார்?"

"வேணாம்மா. நம்பருக்கு முன்னால அஞ்சடின்னு ஒரு வார்த்தை போடுங்க. போதும்."

அப்பாவிடம் சொன்னபோது அவருக்குப் பரம திருப்தி. கட்டம் காலியாகவில்லையே.

மாசக் கடைசிக்கு மூன்று நாள் இருக்கும்போது கடிதம் வந்தது. ஒரு வருஷத்துக்கு மானியம். வாசித்துக் காட்டியதும் அக்கா குதிக்கவில்லை, அழவில்லை. அடுப்பைக் குறைத்தார்.

"அந்த மாக் மண்டின்காரனுக்கு ஒரு லெட்டர் தட்டு தங்கச்சி, நான் வரலன்னு. மரியாதையா எழுது, உன் வாய்த்துடுக்க அதுல காட்டாத."

மரியாதையாகத்தான் எழுதினேன். அந்த மானிய வருஷம் முடிய இன்னும் மூன்று மாசம் இருக்கிறது. இப்போது மணி பத்தேகால், அக்கா பின்கட்டில் மத்தியானச் சோற்றுக்கு மீன் கழுவிக்கொண்டிருக்கிறார்.