கம்பெனிக் காத்து

போன வாரம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, விபூதி இட்டுக்கொள்ளலாம் என்று பூஜை அலமாரியிலிருந்த வெள்ளிச் சிமிழைக் கையில் எடுத்தேன். மூடியைத் திறக்கும்போதே விரலில் கறுப்பாக ஏதோ ஒட்டியது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மூடி, அடிப்பாகம், பக்கத்தில் இருக்கிற பூவேலை எல்லாமே கரி பூசியதுபோலக் கறுத்துக் கிடந்தன. "அது அப்படித்தான்டா, தேச்சி வச்சா ஒரு வாரங்கூட தாங்க மாட்டேங்குது" என்று சமையலறையிலிருந்து அக்கா சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. அதே சிமிழ் இதே மாதிரி கறுத்ததை முன்பு ஒரு காலத்தில் பார்த்திருக்கிறேன். அப்போது அதில் குங்குமம் இருந்தது. மாமாவும் இருந்தார்.

மாமா என்று நான் சொல்வது அக்காவின் வீட்டுக்காரரை. கடலூரில் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. ஆனால் ஊரில் யாரும் அவரைக் குமாஸ்தாவாக நினைத்ததில்லை. கையில் எப்போதும் ஒரு ஸ்க்ரூ டிரைவர், சட்டைப் பையில் டெஸ்டர். செம்மங்குப்பத்தில் மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி அவர்கள் வீடு. அந்தத் தெருவில் முதலில் செல்போன் வாங்கியவர் அவர்தான், வாங்கிய வாரமே அதைக் கழற்றிப் பார்த்தவரும் அவர்தான். திரும்ப மாட்டியபோது ஒரு திருகாணி மிச்சமிருந்தது. போன் வேலை செய்தது. "அந்த ஆணி கம்பெனிக்காரன் சும்மா போட்டது மச்சான்" என்று எனக்கே விளக்கம் சொன்னார். நான் சிதம்பரம் கீழவீதியில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பஸ் ஏறி அவர் வீட்டுக்குப் போய்விடுவேன். அவரைக் கிண்டல் செய்துகொண்டே அவர் கொடுக்கிற வயரைப் பிடித்துக்கொண்டிருப்பது எனக்கு சினிமா பார்ப்பதைவிடப் பிடித்திருந்தது.

பேட்டரிப் பித்து அவருக்குப் பிடித்தது சுனாமி வந்தபோது. கரண்ட் இல்லை, போன் இல்லை, கடற்கரைப் பக்கம் என்ன ஆனது என்று யாருக்கும் தெரியவில்லை. மாமா தன் பைக்கிலிருந்து பேட்டரியைக் கழற்றி, ரேடியோவில் மாட்டி வாசலில் வைத்தார். தெருவே அதைச் சுற்றி உட்கார்ந்தது. தேவனாம்பட்டினம் பெயர் வந்தபோது பெண்கள் அழுதார்கள். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த ஒன்றை நான் மறக்கவில்லை. துக்கத்தோடு சேர்ந்து, தன்னால் ஒரு காரியம் ஆனது என்ற திருப்தி. அதற்குப் பிறகு, எந்தப் பேட்டரி செத்துப்போய்விட்டது என்று யார் சொன்னாலும் அதை வீட்டுக்குக் கொண்டுவர ஆரம்பித்தார். கம்ப்யூட்டர் கடைகளில் தூக்கிப்போட்ட யூ.பி.எஸ். பேட்டரிகள், மெக்கானிக் ஷெட்டுகளில் கிடந்த கார் பேட்டரிகள், ஒருமுறை லாரி பேட்டரியே வந்தது. வீட்டின் நடுவில் இருந்த ஸ்டோர் ரூமில் பலகை அடித்து வரிசையாக வைத்தார். அரிசி மூட்டை ஹாலுக்கு வந்தது.

பழைய டிரான்ஸ்பார்மர் ஒன்றை வைத்து அவரே ஒரு சார்ஜர் செய்தார். தகரப் பெட்டி, மேலே ஒரு சிவப்பு விளக்கு. கடையில் விற்கிற சார்ஜர் பேட்டரி நிரம்பியதும் தானாக நின்றுவிடும். இது நிற்காது. நான் கேட்டதற்கு, "அதுக்கு வேணும்னா சாப்பிடும் மச்சான், வயிறு ரொம்பினா அதுவே நிறுத்திக்கும்" என்றார். பேட்டரியைப் பற்றி அவர் எப்போதும் வீட்டில் வளர்கிற பிராணியைப் பற்றிப் பேசுவதுபோலத்தான் பேசுவார். இது தண்ணி குடிக்குது, அது கோச்சிக்கிட்டிருக்குது என்பார். நானும் சிரித்துக்கொண்டேன். அந்தச் சிவப்பு விளக்கு மட்டும், கரண்ட் இருக்கிற நேரமெல்லாம் அந்த இருட்டு அறையில் எரிந்துகொண்டே இருந்தது.

செம்மங்குப்பத்துக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வெளியூர்க்காரர்களுக்கு அது விசித்திரமாக இருக்கும். பேசிக்கொண்டே இருப்பார்கள், திடீரென்று ஒருவர் மூக்கைச் சுளிப்பார். உடனே எழுந்து ஆளுக்கொரு ஜன்னலாகச் சாத்துவார்கள், கதவிடுக்கில் ஈரத்துணி வைப்பார்கள், பிறகு விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார்கள். 'கம்பெனிக் காத்து' என்று அதற்குப் பெயர். பக்கத்துத் தொழிற்பேட்டையில் எந்தக் கம்பெனி, என்ன வாயு என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை. ஒரு நாள் நெயில்பாலிஷ் வாடை, ஒரு நாள் அழுகிய முட்டை வாடை. நாற்றம் என்றால் அது வெளியிலிருந்துதான் வரும், வந்தால் சாத்த வேண்டும். பிறந்த குழந்தைக்குக்கூட அங்கே அது தெரியும்.

அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே கொஞ்சம் வீசிங் உண்டு. கரண்ட் கட் அதிகமான வருடங்களில் அது முற்றியது. மருந்தைப் புகையாக்கி மூக்கில் விடுகிற நெபுலைசர் மெஷின் ஒன்றை டாக்டர் வாங்கச் சொன்னார். மெஷினுக்குக் கரண்ட் வேண்டும், கரண்டோ பகலில் பாதி நேரம் இல்லை. அதுவரை விளையாட்டாக இருந்த பேட்டரிகளுக்கு அப்போது ஓர் அர்த்தம் வந்துவிட்டது. மாமா இன்னும் நான்கைந்து கொண்டுவந்தார். கரண்ட் போனால் அடுத்த நிமிடம் அக்காவின் மெஷின் ஓட வேண்டும், அதுதான் அவருக்குக் குறி. அவள் மூச்சு வாங்கும்போது முதுகைத் தடவிக்கொண்டே, "நான் இருக்கேன் இல்ல, பேட்டரி இருக்குது இல்ல" என்பார். அவ்வளவு பிரியத்தை நான் வேறு வீட்டில் பார்த்ததில்லை. அவளுக்கு வீசிங் ஜாஸ்தியாக ஆக, பேட்டரிகளும் ஜாஸ்தியாயின. பேட்டரிகள் ஜாஸ்தியாக ஆக, வீசிங்கும் ஜாஸ்தியானது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சிமிழ் கறுக்க ஆரம்பித்தது. அக்காவின் கொலுசு, அவர்கள் மகள் பாப்பாவுக்குப் போட்டுவைத்திருந்த வெள்ளி அரைஞாண், எல்லாமே கறுத்தன. பூஜை அலமாரி ஸ்டோர் ரூம் சுவரை ஒட்டி இருந்தது. நடுவில் அக்கா பாப்பாவோடு ஒரு மாதம் என் வீட்டில் வந்து தங்கினாள். சிதம்பரத்தில் அவளுக்கு மெஷினே தேவைப்படவில்லை. தேய்த்துக் கையோடு கொண்டுவந்திருந்த சிமிழும் வாங்கியபோது இருந்ததுபோல வெள்ளையாகவே இருந்தது. அழைத்துப் போக வந்த மாமா அதைப் பார்த்துவிட்டுக் கொதித்தார். "பாத்தியா மச்சான், சாட்சி வேற வேணுமா? கம்பெனிக் காத்து என் பொண்டாட்டியக் கொல்லுது" என்றார். அடுத்த திங்கட்கிழமை மனுவோடு, கறுத்த கொலுசையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்குப் போனார். மனுவை வாங்கிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து எல்லா ஜன்னலுக்கும் ரப்பர் பட்டை ஒட்டினார். இனி ஒரு துளிக் காற்று உள்ளே வராது என்று பெருமையாகச் சொன்னார். எனக்கும் அப்போது அது நல்லதாகவே பட்டது.

2011 கடைசியில் புயல் வந்தது. அண்ணாகிராமம் பக்கமெல்லாம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. கம்பங்கள் முறிந்து வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. கம்பெனிகளும் ஓடவில்லை. அக்கா வீட்டு ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கி, வீடு திறந்த மேடையாகக் கிடந்தது. பேட்டரிகள் முதல் சில நாட்களிலேயே தீர்ந்துபோயின. மெஷின் இல்லாமல் இவள் என்ன ஆவாளோ என்று நான் பயந்து போனால், அக்கா தெருவில் நின்று விழுந்த முருங்கையை வெட்டிக்கொண்டிருந்தாள். மூச்சில் ஒரு சத்தமும் இல்லை. "கம்பெனி நின்னுச்சி, நான் பொழச்சிக்கினேன்" என்று சிரித்தாள். மாமா கரண்ட் வருவதற்கு முன்பே ஜன்னல்களுக்குப் புதுக் கண்ணாடி போட்டு முடித்துவிட்டார்.

கரண்ட் வந்த மறுநாள் காலை மாமாவின் போன். "அக்காவுக்கு முடியல மச்சான். மெஷின் போட்டும் அடங்கல. கம்பெனிய ஆரம்பிச்சிட்டானுங்க போல. ஒரு கார எடுத்துக்கினு சீக்கிரம் வா." குரல் உடைந்திருந்தது. தெரிந்தவரின் காரில் கிளம்பினேன். ஆலப்பாக்கம் தாண்டும்போது கண்ணாடியை ஏற்றப்போன டிரைவர், கையை எடுத்துவிட்டு, "இன்னா சார், இன்னிக்கு ஒரு நாத்தத்தையும் காணோம்" என்றார். உண்மைதான். கடல் காற்றும் அறுத்துப் போட்ட மரத்தின் பச்சை வாசனையும்தான் இருந்தன. தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு புகைக்கூண்டிலும் புகை இல்லை. வீட்டு வாசலில் இறங்கினேன். அங்கேயும் நாற்றம் இல்லை. கதவைத் தள்ளினேன், கீழே வைத்திருந்த ஈரத்துணி அதோடு இழுபட்டது. உள்ளேயிருந்து அழுகிய முட்டை வாடை முகத்தில் அறைந்தது.

கண் எரிந்தது. ஹாலில் அக்கா சுவரில் சாய்ந்து, தோள்பட்டை ஏறி இறங்க, வாய் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. பாப்பா பக்கத்து வீட்டில் இருந்தாள், நல்லவேளை. அக்காவை அப்படியே தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்து காரில் கிடத்தினேன். பின்னாலேயே மாமா ஓடிவந்தார். ஒரு கையில் நெபுலைசர், இன்னொரு கையில் ஒரு பேட்டரி. வழியில் ஓடவேண்டுமே என்று அதையும் தூக்கிக்கொண்டு வருகிறார். தெரு நடுவில் வந்தவர் சட்டென்று நின்றார். மூச்சை இழுத்தார். மறுபடி இழுத்தார். திரும்பி, திறந்து கிடந்த தன் வீட்டு வாசலைப் பார்த்தார். பேட்டரியை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு, காரில் ஏறி அக்காவின் தலையை மடியில் எடுத்துக்கொண்டார். அந்த முகத்தை இன்றைக்கும் என்னால் நினைக்க முடியவில்லை.

அக்கா பிழைத்துக்கொண்டாள். சிதம்பரத்தில் ஆஸ்பத்திரியில் டாக்டர், ஏதாவது கெமிக்கல் வாடை உண்டா என்று கேட்டார். "கம்பெனிக் காத்து சார்" என்று மாஸ்க்குக்குள்ளிருந்து அக்காவே சொன்னாள். மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் அவரும் நானும் வீட்டுக்குப் போனோம். எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டு ஸ்டோர் ரூமுக்குள் போனால், சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நடுவில் இருந்த லாரி பேட்டரி வயிறு உப்பி, கிட்டே கை கொண்டுபோக முடியாத சூட்டில் இருந்தது. மெயினை அணைத்துவிட்டு, மாமா ஒவ்வொரு வயராகக் கழற்றினார். பிறகு வாசற்படியில் வந்து உட்கார்ந்தார். "பழைய பேட்டரி சூடேறினா இந்த நாத்தம் வரும், அதுல வெள்ளி கறுக்கும்னு எனக்குத் தெரியும் மச்சான். நான் படிச்சிருக்கேன். ஆனா இந்த ஊருல இருந்துக்கினு, இந்த நாத்தத்துக்கு வேற காரணம் இருக்கும்னு தோணவே இல்ல பாரு" என்றார். எழுந்திருக்கும்போது, "நீ சொல்லாத. அவகிட்ட நானே சொல்லிக்கிறேன்" என்றார்.

பேட்டரிகளைப் புயல் தண்ணீரில் கெட்டுப்போனதாகச் சொல்லி அப்புறப்படுத்தினார். அக்காவுக்கு வீசிங் குறைந்துகொண்டே வந்தது. மருந்து கேட்கிறது என்றாள். பார்க்கும்போதெல்லாம் நான் கண்ணாலேயே கேட்பேன், மாமா தலையை ஆட்டி, "சொல்றேன், சொல்றேன்" என்பார். அதற்குப் பிறகு ஸ்க்ரூ டிரைவர் அவர் கையில் வந்ததே இல்லை. யாராவது போனைக் கொண்டுவந்து நீட்டினால் கடைக்குக் கொடுங்கள் என்றுவிடுவார். அடுத்த வருடம் ஐப்பசி மழையில் அலுவலகத்திலிருந்து வரும் வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். சொல்லாமலே போய்விட்டார். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அக்கா அழுதுகொண்டே ஒன்றையே சொன்னாள்: "அவுரு பேட்டரி மட்டும் இல்லன்னா அன்னைக்கே நான் போயிருப்பேன்." அதைக் கேட்டுக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்தது எனக்கு நரகமாக இருந்தது.

போன வாரம் அந்தச் சிமிழைக் கையில் வைத்துக்கொண்டு, "எப்பலேர்ந்துக்கா இப்படிக் கறுக்குது?" என்று கேட்டேன். "ரெண்டு மாசமா. கம்பெனிக் காத்து திரும்ப ஜாஸ்தி ஆயிடிச்சி" என்றபடி வந்தவள், ஒன்று காட்டுகிறேன் என்று என்னை ஸ்டோர் ரூமுக்கு அழைத்துப் போனாள். அங்கே மாமாவின் போட்டோ, மாலை, கீழே ஒரு சின்ன விளக்கு. கரண்ட் போனாலும் அவர் முன்னால் விளக்கு அணையக் கூடாது என்று எலெக்ட்ரீஷியனிடம் சொல்லி ஒரு பழைய பேட்டரியை வாங்கி வைத்திருக்கிறாள். அதோடு பரணிலிருந்து அந்தத் தகரப் பெட்டியை எடுத்துத் துடைத்து மாட்டியிருக்கிறாள். "அவுரு கையால செஞ்சது. இன்னும் ஓடுது பாரு" என்றாள். முகமெல்லாம் பெருமை. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் ஹாலுக்குப் போய், சாத்தியிருந்த ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டினேன். கடல் காற்று. வேறு ஒன்றும் இல்லை. திரும்பி வந்து சார்ஜரின் பிளக்கைப் பிடுங்கினேன். "டேய், இன்னாடா பண்றே?" என்று பதறினாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வெளிய வாக்கா. மாமா உன்கிட்ட சொல்லணும்னு இருந்தது ஒண்ணு இருக்குது."