கண்ணாடிப் பெட்டியின் சுருதி

திருச்சியில் ராக் பாட்டுப் போடுகிறவனிடம் எல்லாரும் கேட்பது ஒன்றுதான், "சினிமாவுல எப்ப?" கிதாரோடு டவுன் பஸ்ஸில் இடிபட்டவர்களுக்கு இந்த வேதனையை விளக்க வேண்டியதில்லை.

பாட்டு வந்த வழி

அப்பா இறந்தபோது, துபாயிலிருந்து அண்ணன் வரும்வரை பாலக்கரை வீட்டு ஹாலில் அவரைக் கண்ணாடி ஃப்ரீஸர் பெட்டியில் வைத்திருந்தோம். அது இரைந்துகொண்டே இருந்தது. ஜெபமாலை சொன்னவர்களின் குரல்கூட அந்தச் சுருதிக்கு இறங்கிவிட்டது. அண்ணன் வந்து அழுது முடித்ததும் சுவிட்சை அணைத்தார்கள், அப்பாவைத் தூக்கினார்கள்.

பிறகு கிதாரை எடுத்தால், தடித்த தந்தி தானாக அந்தச் சுருதியில் நின்றது. முறுக்கிப் பார்த்தேன், மறுநாள் பழையபடி இறங்கியிருந்தது. சரி, போ என்று அதையே பாட்டின் அடியில் ஓடவிட்டு, கடைசியில் சட்டென்று நிறுத்தினேன். எங்கே பிடித்த ஒலி என்று யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவுக்குத் தெரிந்தால் தாங்கமாட்டாள் என்ற பயம். எங்கள் பாடகன் ஜோசப் முதலில் கேட்டுவிட்டுச் சொன்னான்:

"சூப்பர்டா. ஆனா ஏன் ரோஜா மாலை வாசனை வருது?"

ரெக்கார்டிங்

தில்லைநகரில் ஒரு மாடியறை. பாட்டு பாதி ஓடும்போதே சவுண்ட் இன்ஜினியர் கைகளைத் தேய்த்துக்கொண்டு, ஏசியைக் குறைக்க எழுந்து போனார். போனவர் அங்கேயே நின்றுவிட்டார்.

"ஏசி ரிப்பேருங்க. காலைலேருந்து ஓடவே இல்ல."

விமர்சனம்

ஓர் இணையப் பத்திரிகை எங்களையும் மதித்து நாலு வரி எழுதியது. ஜோசப் அதைத் தலைகீழாக மனப்பாடம் செய்துவிட்டான். எனக்கு மறக்காதது கடைசி வரி:

"அடியில் ஓடும் அந்த ஒற்றை ஒலியை எடுத்துவிட்டால் பாட்டு தேறும்."

ஸ்ரீரங்கத்தில்

ஒரு கல்யாண மண்டபத்தில் வாசித்தோம். நெற்றியில் திருமண்ணோடு முன்வரிசையில் இருந்த பெரியவர் முடிந்ததும் மேடைக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"நன்னா வாசிச்சேள். ஆனா ஆத்துக்குப் போனதும் ஸ்நானம் பண்ணணும்னு தோணறது. ஏன்னே தெரியலே."

அம்மா

போதும், அந்த ஒலியை எடுத்துவிடலாம் என்று ஜோசப்பிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். ஹாலில் அதே பாட்டு. பெட்டி இருந்த இடத்தில் செல்போனை வைத்துவிட்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முடியப்போகும் நேரத்தில் விரலால் தள்ளி மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டாள். "போதும்மா" என்று போனை எடுக்கக் குனிந்தேன்.

"நிறுத்தாதேடா. அது நின்னா அப்பாவைத் தூக்கிருவாங்க."

ஒலியை எடுக்கவில்லை. யாராவது கேட்டால், கலையில் சமரசம் செய்துகொள்வதில்லை என்று விறைப்பாகச் சொல்லிவைக்கிறேன்.