பத்து இருபதுக்கு வந்த அழைப்பு

நான் ஒரு நேரத்தை அழித்தேன். அழைப்பு ஏட்டில் பென்சிலில் இருந்த பத்து இருபதை ரப்பரால் தேய்த்துவிட்டு, அதே இடத்தில் பேனாவால் பத்து ஐம்பது என்று எழுதினேன். பிறகு, அந்த ஏட்டை யாரும் பார்க்க முடியாதபடி ஒரு கடிதமும் எழுதினேன். இரண்டும் என் கையெழுத்துதான்...

யார் சொல்லிச் செய்தாய் என்று நீங்கள் கேட்கலாம். யாரும் சொல்லவில்லை. பெங்களூரில் அரசு ஆம்புலன்ஸ்களை ஒப்பந்தத்துக்கு எடுத்து ஓட்டிய ஒரு தனியார் நிறுவனத்தில், அழைப்புகளை எடுப்பது என் வேலை. அழைப்பு வந்த நேரத்தை முதலில் பென்சிலில் குறிப்போம். வண்டி கிளம்பிய பிறகுதான் பேனா. வண்டி தாமதமானால், அழைப்பே தாமதமாக வந்ததாக மாற்றிவிடுவோம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே எல்லோருக்கும் பழகிவிடும். தப்பென்று எனக்குத் தோன்றியதே இல்லை!

அன்று காலை தூறல். ஜன்னலுக்கு வெளியே மரங்களெல்லாம் நீருக்குள் நிற்பவை போல மெல்ல அசைந்தன. ஈஜிபுராவிலிருந்து ஒரு பெண் குரல். "வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலிக்குது, சீக்கிரம் அனுப்புங்க." எழுதிக்கொண்டேன். அனுப்ப வண்டி இல்லை. அரைமணி கழித்துத்தான் ஒன்று கிடைத்தது. அது போய்ச் சேர்ந்தபோது அந்த மனிதர் உயிரோடு இல்லை.

ரப்பரை எடுத்தேன்... துகளை ஊதித் தள்ளினேன். அந்தத் தூறலும் அந்தத் துகளும் கனவில் வேறு யாருக்கோ நடந்தவை போல இன்றும் மிதக்கின்றன. வேறு யார்? நான்தான்.

சில மாதங்கள் சென்றன. தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்த புதிது. அரசு அலுவலகம் வழியாக எங்களுக்கு ஒரு மனு வந்தது. அந்த அழைப்பு பதிவான நேரம் என்ன என்று கேட்டிருந்தார்கள். மனுதாரர் ஸ்டெல்லா. அந்தக் குரலின் பெயர் அப்போதுதான் தெரிந்தது.

"நாம பிரைவேட்மா. இந்தச் சட்டம் நமக்கு இல்ல. அப்படியே எழுதி அனுப்பிடு" என்றார் மேனேஜர்.

வண்டியின் நெற்றியில் அரசு முத்திரை. ஏடு மட்டும் தனியாருடையதாம்! எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? ஏட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் பென்சில் அழுந்திய தடம் தெரியும். நானே பிடித்துப் பார்த்திருந்தேன்.

கடிதம் கிடைத்ததும் அவள் நேரிலேயே வந்துவிட்டாள்.

"அக்கா, நான் கேஸெல்லாம் போட மாட்டேன். பத்து ஐம்பதுக்குத்தான் போன் வந்துச்சுன்னு உங்க டிரைவர் சொன்னாராம். நான் லேட் பண்ணித்தான் அவங்க புள்ளைய கொன்னுட்டேன்னு மாமியார் எல்லார்கிட்டயும் சொல்றாங்க. நான் எத்தன மணிக்குப் பண்ணேன்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் குடுங்க. அது போதும்."

ஒரு துண்டுச் சீட்டு... என்னால் முடியாதா? மேனேஜர் சாப்பிடப் போயிருந்தார். ஏடு என் இழுப்பறையில்தான் இருந்தது. "சட்டம் எங்களுக்குப் பொருந்தாதும்மா" என்றேன். நடந்ததைச் சொல்ல எனக்குச் சட்டம் எதற்கு? வேலை போய்விடும் என்ற பயம். அவ்வளவுதான்.

ஓரிரு ஆண்டுகளுக்குப் பின், சிவாஜிநகர் போகும் பேருந்தில் அவளே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நனைந்த கண்ணாடி வழியாக வெயில் அவள் மடியில் விழுந்து அலைந்தது. அவள் முகத்தில் கோபமே இல்லை.

"யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன்க்கா. எனக்கே இப்ப சரியா ஞாபகம் இல்ல. நாந்தான் லேட் பண்ணிட்டேன் போல. மாமியார்கிட்ட மன்னிப்பு கேட்டுட்டேன்."

வாயைத் திறந்தேன்... "அப்படியெல்லாம் நெனைக்காதம்மா" என்பது மட்டும் வந்தது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன். நான் இறங்க வேண்டிய இடம் அதுவல்ல.

செய்யாத தாமதத்துக்கு அவள் மன்னிப்புக் கேட்டுவிட்டாள். நான் உங்களிடம் வந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.