மூணு தரத்துக்கு அப்புறமும் மூச்சு

தற்பெருமை கூடாது என்பார்கள். இருக்கட்டும். இந்த ஒரு விஷயத்தில் நான் பெருமையடித்துக்கொள்ளத்தான் போகிறேன். பிடிக்காதவர்கள் பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம்.

கீழ்வேளூரில் எங்கள் வீட்டு மாடி அறையில் யோகா சொல்லித் தருகிறேன். கூட்டமாக உட்காரவைத்து எல்லோரையும் ஒரே மாதிரி வளைப்பது என் வழக்கமில்லை. ஒருவர் வந்தால் முதலில் அவர் எப்படி மூச்சு விடுகிறார் என்று பார்ப்பேன். அந்த மூச்சு எவ்வளவு நீளமோ அவ்வளவுக்குத்தான் கை உயரும், முதுகு குனியும். ஆளுக்குத் தகுந்தபடி பயிற்சியை மாற்ற வேண்டுமே தவிர, பயிற்சிக்காக ஆளை முறுக்கக் கூடாது. இதைச் சொன்னதும், "அப்ப தலைகீழா நிக்கச் சொல்லித் தரமாட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு மாடிப்படி இறங்கிப் போனவர்களும் உண்டு. போகட்டும்.

போன கோடையில் ஓர் அக்கா வந்தார். நாகப்பட்டினம் பக்கத்துக் கடற்கரை ஊர். படகுகள் கரைக்கு வந்ததும் மீன் கூடைகளை ஏலம் விடுபவர். நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்திருந்தார். நுரையீரலில் இப்போது கோளாறு ஒன்றுமில்லை, மூச்சுப் பயிற்சி செய்யலாம் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். ஆனால் ஏலம் கூவினால் பாதியில் மூச்சு அறுந்துபோகிறது. கூவுகிறவர் நின்றால் வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? முடிந்துவிட்டது என்று ஒருவர் கூடையைத் தூக்க, இன்னும் முடியவில்லை என்று இன்னொருவர் பிடித்து இழுக்க, கரையில் கைகலப்பே ஆகிவிட்டதாம். அதற்குள் மீன்பிடித் தடைக்காலம் வந்து, படகுகள் கரையில் நின்றன.

"தடைக்காலம் முடிஞ்சு படகு கடலுக்குப் போறப்ப எனக்குக் குரல் வரலன்னா, என் நாத்தனா ஏலத்துக்கு நிப்பா டீச்சர். ஒரு தடவ அவ நின்னுட்டா அப்புறம் அந்த எடம் எனக்கில்ல," என்றார். அவர் கண் கலங்கவில்லை. நான் பாயை விரித்தேன்.

படுக்கவைத்தால் இருமினார். அதனால் நாற்காலியில் உட்காரவைத்தேன். மூச்சை இழுத்துக்கொண்டே கைகளைத் தூக்க வேண்டும், விட்டுக்கொண்டே இறக்க வேண்டும். விடுகிற மூச்சு நீள வேண்டும் என்று நான் எண்ணிக்கை சொன்னேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. மூணு என்றதும் அவர் கைகள் தொப்பென்று மடியில் விழுந்தன. மூச்சும் அங்கேயே நின்றது. மெதுவாக எண்ணிப் பார்த்தேன். மெதுவாக வந்து, மூணில் விழுந்தது. நாள் கணக்கில் இதே கதை. அந்த நுரையீரலுக்கு அவ்வளவுதான் தெம்பு போலிருக்கிறது என்று சோர்ந்துபோனேன். அந்த எரிச்சலை வீட்டில் காட்டினேன். என் கணவர் காபியைக் குடித்த கையோடு வயலுக்குத் தப்பித்து ஓடினார்.

ஒரு நாள் அக்காவின் முதுகில் கை வைத்துப் பார்த்தேன். மூணில் நின்றுவிட்ட பிறகு, உஸ்ஸென்று இன்னும் எவ்வளவோ காற்று வெளியே போனது. மூச்சு உள்ளே இருக்கிறது!

"ஏங்க்கா, இவ்வளவு மூச்ச உள்ள வச்சுக்கிட்டு ஏன் நிறுத்துறீங்க?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "நீங்கதான டீச்சர் மூணு சொல்லிட்டீங்க! ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். மூணுக்கு அப்புறம் யாராச்சும் வாயத் தொறப்பாங்களா? கூடைதான் போயிடுச்சே!"

சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது. காலமெல்லாம் ஏலம் விட்ட உடம்பு அது. மூணு என்று காதில் விழுந்தாலே கடையைக் கட்டிவிடுகிறது.

அன்றே எண்ணிக்கையைத் தூக்கிப் போட்டேன். மந்திரம் சொல்லலாமா என்றால், வாயில் நிற்காது என்றார். அவர் வாயில் நிற்பது எது? மீன்தான். வஞ்சிரம், வவ்வால், சங்கரா, கொடுவா என்று மெல்லிய குரலில் ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டே கைகளை இறக்கச் சொன்னேன். களைப்பான நாட்களில் கொடுவாவை விட்டுவிட்டோம். தெம்பான நாட்களில் கிழங்கானையும் நெத்திலியையும் சேர்த்தோம். எங்கள் வீடு சுத்த சைவம். மாடியிலிருந்து மீன்களாக இறங்கி வருவதைக் கேட்ட என் கணவர், "கொழம்பு மட்டுந்தான் பாக்கி," என்றார். "நீங்க வாய மூடிக்கிட்டு மூக்கால மூச்சு விடுங்க," என்றேன்.

வாய்க்காலில் தண்ணீர் வந்த வாரத்திலேயே தடைக்காலமும் முடிந்தது. கணவருக்குக் குறுவை வேலை தலைக்கு மேல் இருந்ததால், படகுகள் திரும்பிய அன்று நான் மட்டும் ஸ்கூட்டியில் போனேன். அக்காவின் பக்கத்திலேயே நாத்தனார் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தயாராக நின்றார்.

அக்கா தோளைத் தூக்கவில்லை. அடிவயிறு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு கூவ ஆரம்பித்தார். இரண்டு வியாபாரிகள் விடாப்பிடியாக விலையை ஏற்றிக்கொண்டே போனார்கள். கூடவே அவர் குரலும் ஏறியது. எங்கே அறுந்துவிடுமோ என்று நான் என் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன், எல்லோருக்கும் விடச் சொல்லித் தருகிறவள். அறுபடவில்லை. "ஒரு தரம்... ரெண்டு தரம்..." அந்த ரெண்டை இழுத்தார் பாருங்கள், தயங்கி நின்ற வியாபாரி கை தூக்கும்வரை இழுத்தார். மறுபடி ஏற்றி, அதே மூச்சில் மூணு தரம் சொல்லி முடித்தார். கூடை போனது. நாத்தனார் செருகியிருந்த புடவையை இறக்கிவிட்டுக்கொண்டு ஐஸ் உடைக்கப் போனார்.

என் வாழ்க்கையில் எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்த காலை வேறெதுவும் இல்லை.

கூடைகள் எல்லாம் போன பிறகு அக்கா நேராக என்னிடம் வந்தார். மீன் அளைந்த கையாலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மூணு சொன்னப்புறமும் உள்ள மிச்சம் இருந்துச்சு டீச்சர்."

வீட்டுக்கு வந்தும் நான் வெகுநேரம் கை கழுவவில்லை.